அமலோற்பவம் டீ குடிக்கவில்லை

கேத்லீனிடம் ஒரு நல்ல சேதி இருந்தது. வியாழக்கிழமையிலிருந்து அதை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு திரிந்தாள். கணவன் பிரெட்ரிக்குக்குத் தெரியும். அவளை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதே அவன்தான். ஆனால் அந்தச் சேதி யாருக்காகக் காத்திருந்ததோ, அவள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலேசியாவின் தானா ராத்தா ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி எதிரில் வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். கேத்லீனுக்குச் சேதி வாய்க்கு வரவில்லை.

"நல்லா இருக்கேங்க. நீங்க?"

நீங்களாம்! ஐந்து வருஷமாக 'ஏன்டி', 'போடி', 'அடி சண்டாளி' என்று ஒருத்தியை ஒருத்தி வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்ட இரண்டு பெண்கள், பெண் பார்க்க வந்த இடத்துச் சம்பந்திகள் கணக்காக நின்று குசலம் விசாரித்துக்கொண்டார்கள். பிரெட்ரிக் பெட்டியை வாங்கிக் காடியின் பின் சீட்டில் வைத்தான். வீடு இருக்கும் ரிங்லெட்வரை யாரும் அதிகம் பேசவில்லை.

வந்தவள் பெயர் அமலோற்பவம். வால்பாறையில் அங்கன்வாடி டீச்சர். அவளுடைய அண்ணன் மகளைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு வந்தவள், முடிந்த கையோடு வாரக் கடைசிக்குக் கேமரன் மலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். கேத்லீனும் அவளும் இதற்கு முன் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே கிடையாது. எல்லாம் வாட்ஸ்அப் குரல்தான்.

கொரோனாக் காலத்தில் எங்கிருந்தோ யாரோ ஆரம்பித்த ஜெபமாலைக் குழு அது. ஊர் ஊராக நூறு பேருக்குமேல் இருந்தார்கள். ஒருநாள் கேத்லீன் தன் அக்காவுக்கு அனுப்ப வேண்டிய குரல் செய்தியைத் தவறுதலாக அந்தக் குழுவில் போட்டுவிட்டாள். "இந்த மனுசன் பகல்ல லோரி ஓட்டுறது பத்தாதுன்னு தூக்கத்துலயும் லோரி ஓட்டுறாருக்கா. ராத்திரி பூரா முதல் கியர்லயே மலை ஏறுறாரு!" என்று துக்க தேவ ரகசியத்துக்கு நடுவில் அவள் குரல் கணீரென்று கேட்டது. நூறு பேரும் கப்சிப். ஒருத்தி மட்டும் தனியாகப் பதில் அனுப்பினாள். "எங்க வீட்டுல ஓடறது பஸ்ஸு அக்கா. ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நின்னு நின்னு போகும்." அன்றைக்குப் பிடித்த சிரிப்பு. அக்கா என்பது ஒரு வாரத்தில் கேத்தியாகி, கேத்தி அடியே ஆகிவிட்டது.

கேத்லீனுக்கு வேலை திரிங்காப்பில், காய்கறி கட்டும் கொட்டகையில். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஈரக் கையுறை. எழுத்தைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. கையுறையை ஒரு விரலில் மட்டும் உருவி, பொத்தானை அமுக்கி, சாலட் கீரையைப் பார்த்தபடியே பேசிவிட்டு வேலையைப் பார்ப்பாள். ஓய்வு நேரத்தில் பதிலைக் கேட்பாள். இப்படித்தான் இவர்கள் சிநேகிதம் வளர்ந்தது. ஒருத்தி பேசும்போது மற்றவள் அங்கே இல்லாமலிருப்பதே அதன் சௌகரியம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அந்த வருஷமே கேத்லீனுக்கு மார்பில் கட்டி என்றார்கள். அறுத்தார்கள். பிறகு ஊசி. தலைமயிரெல்லாம் கொட்டிப்போயிற்று. ஊசி போட்டுவிட்டு வந்த நாட்களில் வாளியைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். சொந்தக்காரர்கள் போன் செய்து அழுதார்கள். அவர்களுக்கு இவள் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. அமலு அழவில்லை. யானை ரேஷன் கடைக் கதவைப் பேர்த்துக்கொண்டு போய் சர்க்கரை மூட்டையைக் காலி பண்ணின கதையைச் சொன்னாள். அங்கன்வாடியில் ஒரு பயல் தன் முட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்த கதையைச் சொன்னாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கேத்லீன் கரையேறினாள். இதை அவள் பிரெட்ரிக்கிடமே சொல்லியிருக்கிறாள். அவனும் ஆமாம் என்றுதான் சொன்னான்.

இந்த வியாழக்கிழமை ஐந்தாம் வருஷச் சோதனையின் முடிவு. டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, இனி பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆஸ்பத்திரி வாசலிலேயே போன் மினுங்கியது. அமலு கிள்ளானிலிருந்து கேட்டிருந்தாள்: "என்னடி சொன்னாங்க?" கேத்லீனுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் இந்த ஒரு சேதியையாவது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவள் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அதனால், "நேர்ல பேசிக்கலாம் வா" என்று மட்டும் அனுப்பினாள். அதைக் கேட்பவள் என்ன நினைத்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் மூளை கொஞ்சம் லீவு போட்டுவிடும்போல.

இப்போது நேரில் வந்தாயிற்று. ஆள்தான் வேறு யாரோவாக இருந்தாள்.

அந்தக் கணீர்க் குரலுக்குக் கேத்லீன் மனதுக்குள் ஒரு வாட்டசாட்டமான பெண்ணைச் செய்து வைத்திருந்தாள். இறங்கி வந்ததோ நெஞ்சு உயரத்துக்கு ஒரு சின்ன உருவம். கண்ணாடி போட்டிருந்தது. கேத்லீனின் முகத்தைப் பார்க்கும், பார்த்த சூட்டிலேயே கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும். சிரித்தால் பாதியில் நிறுத்திவிடும்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் கடைசி வீடு கேத்லீனுடையது. பிரெட்ரிக் கொழுந்து லோரி ஓட்டுவதால் கிடைத்த வீடு. விருந்தாளிக்காக ஜன்னல் துணி மாற்றி, புதுக் கம்பளி வாங்கி, தோட்டத்து முதல்தரத் தேயிலையில் பாலைச் சுண்டக் காய்ச்சித் தேத்தண்ணி கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

"வேணாங்க. இப்பத்தான் பஸ்ல குடிச்சேன்."

பஸ்ஸில் எங்கே தேத்தண்ணி? அரை மணி கழித்துக் கேத்லீன் மைலோ கலக்கட்டுமா என்றாள். வேணாங்க. சாப்பாட்டுக்குக் கோழி குழம்பு, ரசம். வந்தவள் சோற்றைக் கோழிபோலக் கொத்தினாள்; ரசம் தொடவில்லை; டம்ளர் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது.

கேத்லீனுக்குச் சுருக்கென்றது. தேயிலைக் காட்டில் பிறந்த ஒருத்தி தேயிலைக் காட்டு வீட்டில் டீ குடிக்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? வீடு பிடிக்கவில்லை. பாத்திரம் பிடிக்கவில்லை. நான் பிடிக்கவில்லை. வேறென்ன?

படுக்கப்போகும் முன் பழக்கதோஷத்தில் போனை எடுத்தாள். தினமும் அந்த நேரத்துக்கு அமலுவிடம் பேசுவாள். 'அமலு, இன்னிக்கு ஒரு பொம்பள வீட்டுக்கு வந்துருக்காடி, ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குறா' என்று சொல்லியிருப்பாள். பொத்தான்மேல் வைத்த கட்டைவிரல் அப்படியே நின்றது. யாரிடம் சொல்வது? அந்தப் பொம்பளைதான் அமலு. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள். அப்போதுதான் கேத்லீனுக்குப் பயம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை இவள் இப்படியே பஸ் ஏறிப் போய்விட்டால், அப்புறம் அந்தக் குரலோடு எப்படிப் பேசுவது? பொத்தானை அமுக்கினால் இந்த மூஞ்சியல்லவா ஞாபகத்துக்கு வரும்! வந்திருக்கவே வேண்டாம், போன்லேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். நினைத்த உடனே அழுகை வந்தது.

சனிக்கிழமை காலையில் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தாள் விருந்தாளி. நன்றாக விடிந்த பிறகு பின்பக்கம் போய் வந்தவள், கேத்லீன் நீட்டிய பெரிய மக்கை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, இன்னொன்று கிடைக்குமாங்க என்றாள். இரண்டாவதையும் குடித்தாள். பாலைவனத்திலிருந்து வந்தவளா இவள் என்று பிரெட்ரிக் பார்த்தான். ஆனால் குடித்து முடித்ததும் மறுபடி அதே மௌனம். பசியாறின தட்டைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். 'இப்போது சொல்லிவிடு' என்று கேத்லீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாய் திறந்தால், "இட்லி இன்னொண்ணு வைக்கட்டுங்களா?" என்றுதான் வந்தது.

தாங்க முடியாமல் எழுந்தாள். "கிளம்புங்க, கியா பார்ம் போலாம். ஸ்ட்ராபெரி பாக்கலாம்."

பிரெட்ரிக் திடுக்கிட்டான். "சனிக்கிழமையா? கியா பார்மா? ஒனக்குப் பைத்தியமாலா?"

நியாயமான கேள்விதான். சனிக்கிழமை ஒன்பது மணிக்குமேல் பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே போகிறவன் ஒன்று சிங்கப்பூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோலாலம்பூர்க்காரனாக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரன் உப்பு தீர்ந்தாலும் திங்கள்வரை பொறுத்துக்கொள்வான். கேத்லீனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்தச் சமையலறை மேசையில் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட சாலை ஜேமில் சிக்கிச் சாவது மேல் என்று தோன்றியது. கணவனைப் பார்த்து ஒரு முழி முழித்தாள். அவன் சாவியை எடுத்துக்கொண்டான்.

பிரிஞ்சாங் தாண்டி ஏற்றத்தில் மாட்டினார்கள். முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் மலைச்சரிவு. காடி நகரும், நிற்கும். முன் சீட்டில் கேத்லீன், பின் சீட்டில் விருந்தாளி.

"இது என்ன செடிங்க?"

"கோபிஸ்ங்க."

"எங்க ஊர்ல முட்டைக்கோஸ்னு சொல்வோம்."

"ஆமாங்க. அதேதான்."

இதோடு பேச்சு முடிந்தது. பிரெட்ரிக் ரேடியோவைத் தட்டினான், மலைக்குள் அது கரகரவென்றது, அணைத்துவிட்டான். பின்னாலிருந்து அடிக்கடி சேலை சரசரக்கிற சத்தம் வந்தது. விருந்தாளி இப்படி நெளிவாள், அப்படி நெளிவாள். சலித்துப்போய்விட்டாள் என்று கேத்லீன் நினைத்தாள்.

"சோளம் வாங்கிட்டு வரேன்" என்று கதவைத் திறந்துகொண்டு இறங்கி, மேலே கடைகளைப் பார்த்து நடந்தாள். உண்மையில் ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சோளம் வேகவைக்கிற கடைக்கு முன்னால் நின்றபோது போன் அதிர்ந்தது. அமலு என்று பெயர். குரல் செய்தி. கேத்லீன் காதில் வைத்தாள்.

"அடியே கேத்தி, காருக்குப் பின்னாடி நின்னு பேசுறேன். சிரிச்சே, கொன்னுபுடுவேன். காலைல ரெண்டு மக்கு டீயக் குடிச்சது தப்பாப்போச்சுடி. அடக்க முடியல. உயிர் போகுது. பிரெட்ரிக் அண்ணன்கிட்ட காலை நீட்டணும்னு பொய் சொல்லிட்டு இறங்கிட்டேன். ஆம்பளகிட்ட இத எப்படிடி சொல்லுவேன்? நேத்து உன் வீட்டுல பச்சத் தண்ணிகூட தொடாததும் இதுக்குத்தான். உங்க கக்கூஸ் வெளிய இருக்கு, அதுக்கு அங்கிட்டு தேயிலை. பொழுது சாஞ்சா தேயிலைப் பக்கம் எவ போவா? எங்க ஊர்ல கதவத் தொறக்க மாட்டோம், தெரியும்ல? செடிக்குள்ள சிறுத்தை படுத்திருக்கும்டி! நாக்கு வறண்டு செத்தேன் ராத்திரி. நீ என்னமோ ரசத்த ஊத்தட்டுமா ஊத்தட்டுமாங்கிற. சீக்கிரம் ஒரு வழி சொல்லுடி சண்டாளி!"

கேத்லீன் கேட்டபடியே நடுச்சாலைக்கு வந்துவிட்டிருந்தாள். ஒரு மோட்டார்சைக்கிள் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிப் போயிற்று. அதே குரல். அதே அமலு. நேற்றிலிருந்து தொலைந்துபோனவள் இங்கே காதுக்குள் உட்கார்ந்து ஏசிக்கொண்டிருக்கிறாள். டீயும் பிடிக்காமல் இல்லை, வீடும் பிடிக்காமல் இல்லை. பாவி மகள் சிறுத்தைக்குப் பயந்து தாகத்தோடு படுத்திருக்கிறாள்! கேத்லீனுக்குச் சிரிப்பு அப்படி வந்தது, சோளக்காரச் சீனக் கிழவரும் சேர்ந்து சிரித்தார்.

பொத்தானை அமுக்கினாள். "அடி கூறுகெட்டவளே! இங்க சிறுத்தையும் இல்ல, யானையும் இல்ல. பூனைதான்லா திரியுது. நேரா மேல நடந்து வா. ஸ்ட்ராபெரி பொம்மை பெருசா நிக்குது பாரு, அதுக்குப் பக்கத்துல சந்து. தண்டாஸ்னு போட்டிருக்கும், அதான் கக்கூஸ். நான் அங்க நிக்கிறேன். ஓடி வராத, குலுங்கும்!"

"குலுங்குமாம்! இரு, வந்து வச்சுக்கிறேன்" என்று பதில் வந்தது.

சந்துமுனையில் அந்தச் சின்ன உருவம் சேலையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்தது. கண்ணும் கண்ணும் பார்த்தன. உடனே இருவருக்கும் மறுபடி அந்தப் பாழாய்ப்போன வெட்கம். "இந்தப் பக்கங்க" என்று கையைக் காட்டினாள் கேத்லீன். "சரிங்க" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் அமலு.

கேத்லீன் சாத்திய கதவைப் பார்த்தாள். கதவு திறந்தால் மறுபடி இவள் விருந்தாளியாகிவிடுவாள். கோபிஸ், முட்டைக்கோஸ் என்று பேச வேண்டியதுதான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகக் கட்டிக்காத்த ஆசை போனால் போகட்டும். கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, போனை வாயருகே வைத்தாள்.

"அமலு, எனக்கு ஒண்ணுமில்லடி. வியாழக்கிழம டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எல்லாம் சுத்தமாயிடுச்சாம். இனிமே வருசத்துக்கு ஒருவாட்டி வந்து காட்டுனா போதுமாம். ஒனக்கு நேர்ல சொல்லணும்னு வச்சிருந்தேன். ஒன்னப் பாத்ததும் வாய் வரலடி. பொழச்சிட்டேன் அமலு. நான் பொழச்சிட்டேன்."

அனுப்பிவிட்டாள். வரிசையில் ஒரு மலாய்க்காரம்மாவும் இரண்டு சீனப் பெண்களும் நின்றிருந்தார்கள். கதவுக்கு உள்ளேயிருந்து கேத்லீனின் குரலே திரும்பக் கேட்டது: அமலு, எனக்கு ஒண்ணுமில்லடி... கடைசிவரை ஓடியது. அப்புறம் உள்ளே ஒரு ஓலம் எழுந்தது பாருங்கள், வரிசையே இரண்டடி பின்வாங்கிற்று. வாசலில் உட்கார்ந்திருந்த பணிப்பெண் எழுந்து வந்து, என்ன ஆச்சு, யாராவது விழுந்துவிட்டார்களா என்று மலாயில் கேட்டாள். "ஓகே, ஓகே, தாப்பா", பரவாயில்லை என்று மலாயிலேயே சமாதானம் சொன்னாள் கேத்லீன். அதற்குள் அவளுக்கும் கண்ணீர் வழிய ஆரம்பித்திருந்தது.

கதவு படாரென்று திறந்தது. அமலு வந்து, வந்த வேகத்தில் கேத்லீனின் தோளில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"நேர்ல பேசிக்கலாம் வான்னு சொன்னியேடி! யாராவது நல்ல சேதிய அப்படிச் சொல்லுவாங்களா? திரும்ப வந்திருச்சுன்னு நெனச்சேன்டி நான்! கல்யாண வீட்டுல ஒரு வாய் சோறு எறங்கல. ஒன் மூஞ்சியப் பாத்தா அழுதுருவோம்னு பயந்து தரையப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். நீ என்னடான்னா இட்லி வைக்கட்டுமாங்கிற!"

"நீ ஏன் கேக்கல?"

"எப்படிடி கேப்பேன்? நீயா சொல்றவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு மாதாகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

இன்னொரு அறை விழுந்தது. பிறகு அமலு அவளைக் கட்டிக்கொண்டாள். உயரம் போதாமல் நெஞ்சில்தான் முகம் புதைந்தது. அறுத்த பக்கம் என்று பார்த்துச் சட்டென்று விலகப் போனாள். கேத்லீன் விடவில்லை. மலாய்க்காரம்மா தன் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து இருவருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி நடந்தபோது பேச்சு ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்ன, அணை திறந்தாற்போலத்தான். டாக்டரம்மா என்ன சொன்னார், எந்த முகத்தோடு சொன்னார், பிரெட்ரிக் அழுதானா, கிள்ளான் மாப்பிள்ளை எப்படி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் டுரியான் மிட்டாய் தின்றது எல்லாம் ஒரே நேரத்தில், ஒருத்தி பேச்சை ஒருத்தி வெட்டிக்கொண்டு. குரல் செய்தியில் ஒருத்தி முடித்தபின்தான் மற்றவள் பேச முடியும். நேரில் இந்த வசதி இருக்கிறது என்பதை இரண்டு பேரும் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

காடி நின்ற இடத்திலேயே நின்றது. பிரெட்ரிக் கண்ணாடியை இறக்கி, வீங்கின இரண்டு முகங்களையும் பார்த்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்பாடா" என்று சீட்டில் சாய்ந்தான் அவன். "நேத்துலருந்து ரெண்டு பேர் மூஞ்சியயும் பாத்து எனக்குத்தான் சூசா, பெரிய கஷ்டம்."

கேத்லீன் முன் கதவைத் தொடவில்லை. பின் சீட்டில் அமலுவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வழியில் வாங்கின வெந்த சோளத்தை ஆளுக்குப் பாதியாக உடைத்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு ஒனக்கு?" என்று கேட்டாள். கேட்கும்போதே மனசு கனத்தது. இப்போதுதானே ஆள் வந்து சேர்ந்திருக்கிறாள்.

அமலு சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பஸ்ஸு எங்க இருக்கு? ஊருக்குப் போற டிக்கெட்டத் தள்ளி வச்சிட்டேன். ஒரு மாசம்."

"என்னது?"

"வியாழக்கிழம நீ அப்படிச் சொன்னதும் அன்னிக்கே மாத்திட்டேன். வேலைக்கு லீவு சொல்லியாச்சு. எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு மாசம் சமைச்சுத் தின்னுங்கன்னு சொல்லியாச்சு. உன்கிட்ட மட்டும்தான் சொல்லல. நீ வேணாம்பேன்னு."

"ஒரு மாசம் எதுக்குடி?"

"மறுபடி ஊசி போடுவாங்கள்ல? அஞ்சு வருசம் முன்ன நீ வாளியக் கட்டிட்டுக் கெடந்தப்ப நான் அங்க உக்காந்துக்கிட்டு யானைக் கதை சொன்னேன். வாந்தி எடுக்கும்போது தலையப் பிடிக்க ஒரு ஆள் வேணும் கேத்தி. போன்ல எப்படிப் பிடிக்கிறது? இந்தவாட்டியாவது பிடிக்கலாம்னு வந்தேன்."

பிரெட்ரிக் கண்ணாடியில் பார்த்தான். உடனே பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான். முன்னால் பஸ் ஒரு முழம் நகர்ந்தது, அவன் நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

கேத்லீன் சோளத்தை மடியில் வைத்தாள். வளர்ந்து அடர்ந்திருந்த மயிரோடு தலையைச் சாய்த்து, அமலுவின் இரண்டு கைகளுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்து, "பிடிச்சுக்க" என்றாள்.